டூப்: கொண்டை வைத்த ஒரு சொல்

"வடிவாயிருக்கோ அம்மா?"

மகள் ஆரணி வாசலிலேயே நின்று கைப்பையைத் தூக்கிக் காட்டினாள். போன மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். மொன்ட்ரியால் நகரின் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் மூன்றாம் மாடிக்குப் படியேறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. தொப்பியில் பனி. இமையில் பனி. பையில் மட்டும் ஒரு துளி இல்லை. கோட்டுக்குள் வைத்துக் கைக்குழந்தை மாதிரிக் கொண்டு வந்திருக்கிறாள்!

பை... என்ன சொல்ல? தேன் நிறத் தோல். பித்தளைப் பூட்டு. பெரிய தெருக்களில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு, நம்மைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்ளுமே சில பைகள், அந்த இனம்.

படிக்கிற பிள்ளை. வார இறுதியில் கடையில் கால் கடுக்க நிற்கிற பிள்ளை. இந்தப் பை எப்படி இந்தத் தோளில்?

"எடி, உதுக்கு எங்கால காசு?"

"ரிலாக்ஸ் அம்மா. இது டூப்!"

சொன்ன விதத்தைக் கேட்க வேண்டுமே... வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தேன் என்று சொல்வது போல அத்தனை பெருமை. எங்கள் காலத்தில் போலியை வாங்கினால் மூச்சு விட மாட்டோம். இவர்கள் ஊர்வலம் வைக்கிறார்கள். 'என்ன அருமையான டூப்!' என்று சிநேகிதிகள் கட்டிப்பிடித்து வாழ்த்துகிறார்களாம். போலி என்று சொல்லிவிட்டால் அது போலியா, இல்லையா? ஒப்புக்கொண்ட பொய்க்கு என்ன பெயர்?

உங்களுக்குத் தெரியும், ஒரு சொல் இப்படி வந்து முள்ளாகக் குத்தினால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. டூப்... டூப்... தமிழ்நாட்டுச் சிநேகிதி ஒருத்தி "சும்மா டூப் விடாதே" என்பாள். சினிமாவில் கதாநாயகனுக்குப் பதிலாக மாடியிலிருந்து குதித்து முழங்கையை உடைத்துக்கொள்பவரும் டூப். நாங்கள் யாழ்ப்பாணத்தார் 'பேய்க்காட்டுதல்' என்போம், 'சுத்துமாத்து' என்போம். ஏமாற்றுவதற்கு எத்தனை அழகான சொற்கள் வைத்திருக்கிறோம்... ஏமாறுவதற்கு மட்டும் ஏன் இத்தனை பஞ்சம்?

இதை நான் யோசித்துக்கொண்டிருக்க, சமையலறை மேசையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த வதனி சிரித்தாள். மூக்குத்தி வரைக்கும் ஏறிய சிரிப்பு.

வதனி என் சிநேகிதி. டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில் வீடு, வாசலில் இரண்டு கார். சனிக்கிழமைகளில் முருங்கைக்காயும் வல்லாரையும் வாங்க எங்கள் பக்கம் வருவாள். பிறகு மூன்று மாடி ஏறி என் தேத்தண்ணியையும் குடித்து அதில் குற்றமும் கண்டுவிட்டுப் போவாள். வதனி என்பது அவள் பெயரில்லை. ஏன் மாற்றினேன் என்பது போகப் போக உங்களுக்கே விளங்கும்.

"எங்கட வீட்டிலயும் ஒரு டூப் இருக்கு, பிள்ளை," என்றாள் ஆரணியிடம். "உன்ரய விட நல்ல டூப்."

"என்ன அன்ரி?"

வதனி யன்னலை ஒருமுறை பார்த்தாள். மூன்றாம் மாடி யன்னலில் யார் நின்று கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் குரலைத் தாழ்த்தினாள்.

"தாலிக்கொடி."

தமிழர் வீட்டில் தங்கம் இருக்கும் என்பது இந்த நகரத்தில் கள்ளருக்கும் தெரிந்த பொது அறிவு. கலியாணத்துக்குப் போய் வந்தால் வீட்டுப் பின்கதவு திறந்து கிடந்த கதை நம்மில் எல்லோரிடமும் ஒன்று இருக்கிறது. அதனால் நாம் ஒவ்வொருவரும் ஒரு சின்ன ராணுவத் தளபதி. ஒருத்தி அரிசி மூட்டைக்குள் புதைப்பாள். ஒருத்தி குளிர்பெட்டியில், உறைந்த மீனின் வயிற்றுக்குள் வைப்பாள். வதனியிடமும் ஒரு போர்த் தந்திரம் இருந்தது.

அசல் தாலிக்கொடியைப் போல, கண்ணியெண்ணிக் கவரிங்கில் ஒன்று செய்வித்தாள். கலியாணம், கோயில், பிறந்தநாள் என்று போட்டுக்கொண்டு திரிய. இதுவரைக்கும் எல்லோரும் செய்வதுதான். அடுத்தது கேளுங்கள்.

"கவரிங்கை வெல்வெற் பெட்டிக்குள்ள வைச்சு அலுமாரியில பூட்டியிருக்கிறன். அசலை ஒரு பழைய ஐஸ்கிறீம் வாளிக்குள்ள போட்டு, மேல உடைஞ்ச காப்பு, அறுந்த பாசிமணி, ஊசி, பொத்தான் எல்லாம் கொட்டி விட்டிருக்கிறன். கள்ளன் வந்தா என்ன செய்வான்? பூட்டை உடைப்பான், வெல்வெற்றைக் கண்டு கும்பிடுவான், தூக்கிக்கொண்டு ஓடுவான். ஐஸ்கிறீம் வாளியைத் திரும்பியும் பாரான்!"

நான் கை தட்டினேன். உண்மையாகவே தட்டினேன்.

ஆரணிதான் கேட்டாள். "இது அங்கிளுக்குத் தெரியுமா?"

"அவருக்கோ?" வதனி கோப்பையை வைத்தாள். "அவருக்குச் சொல்லுறதும் றேடியோவில சொல்லுறதும் ஒண்டு. அந்த மனுசன் நான் கோயிலுக்குக் கவரிங்கைப் போட்டுக்கொண்டு போக, அதை அசல் எண்டு நினைச்சு எனக்குப் பின்னால போலீஸ்காரன் மாதிரியெல்லோ வாறவர். சாமி வாகனம் சுத்தி வந்து அர்ச்சனை முடியுமட்டும் அவற்ற கண் முருகனில இல்லை, என்ர கழுத்தில!"

மூவரும் சிரித்தோம். தேத்தண்ணி ஆறிப் போனது தெரியாமல் சிரித்தோம்.

மறுநாள் ஞாயிறு காலை, தொலைபேசி.

"அக்கா..."

அந்த ஒரு சொல்லிலேயே ஒரு வீடு இடிந்து கிடந்தது.

"அக்கா, வாளியைக் காணேல்லை."

நேற்று எங்களிடம் பெருமை பேசிவிட்டுப் போனவளுக்கு அதை ஒருமுறை தொட்டுப் பார்க்க ஆசை வந்திருக்கிறது. வைத்திருந்த மேல் தட்டில் வாளி இல்லை. அலுமாரியைத் திறந்தால் வெல்வெற் பெட்டியும் இல்லை! கள்ளன் இரண்டையும் கொண்டு போய்விட்டானா? அப்படிப்பட்ட புத்திசாலிக் கள்ளனும் இருக்கிறானா? அவள் போட்ட சத்தத்தில் குளியலறையிலிருந்து சவர நுரையோடு ஓடிவந்தான் அவள் கணவன் நேசன்.

"எந்த வாளி? அந்த உடைஞ்ச காப்புக் கிடந்த வாளியோ? அதைத் தமிழ்ப் பள்ளிக்கூட நாடகத்துக்கெண்டு ஞானம் ரீச்சர் வந்து கேட்டவ. நான்தான் குடுத்தனான். அதுக்குள்ள ஒரு கவரிங் கொடியும் கிடந்தது, அரசிக்கு வடிவாயிருக்குமெண்டு சொன்னவ. ஏன், கவரிங்தானே?"

வதனி நிலத்தில் உட்கார்ந்துவிட்டாளாம்.

"வெல்வெற் பெட்டி?"

"அது பத்திரம்." நேசன் நுரையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தானாம். "வீட்டில வைச்சிருக்கிறது பயமெண்டு போட்டு, உமக்கும் சொல்லாமல் பாங்கில லொக்கர் எடுத்து வைச்சிட்டன். இனிக் கள்ளன் என்ன, கள்ளன்ர கொப்பன் வந்தாலும் எடுக்கேலாது!"

ஆக, நிலைமை இதுதான். கவரிங் தாலிக்கொடி வங்கியின் இரும்புக் கதவுகளுக்குப் பின்னால், காவலோடு, நிம்மதியாகத் தூங்குகிறது. அசல், ஒரு நாடகப் பெட்டிக்குள் ஊர் சுற்றுகிறது.

"அக்கா, நீங்கள் ரீச்சருக்கு ஒருக்கா போன் எடுங்கோ. நான் கதைச்சா அழுதுபோடுவன். அசல் எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ! அவவுக்குத் தெரிஞ்சா பின்னேரத்துக்கிடையில மொன்ட்ரியால் முழுக்கத் தெரியும். பேந்து கள்ளனுக்கு நான் விலாசம் குடுத்த மாதிரி."

எடுத்தேன். ஞானம் ரீச்சர் இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்தார்.

"ஓ, அந்தக் கொடியோ? அது எங்களுக்குச் சரிவரேல்லை, பிள்ளை. அரசியாய் நடிச்சவளுக்குக் கழுத்து நோகுதெண்டு ஒரே அழுகை. கவரிங் எண்டால் இலேசாயெல்லோ இருக்கும்? இது பாறாங்கல்லு. இப்பத்தை சாமானுகள் அப்பிடி, எல்லாம் இரும்பு. பேந்து மொன்ட்ரியால்-நோரில எங்கட வேதக்கார ஆட்கள் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு நாடகம் போடுகினம், ராசாவுக்குச் சங்கிலி இல்லையெண்டு கேட்டவை. குடுத்துவிட்டன். ஏன், அவசரமோ?"

"இல்லை ரீச்சர்... அது வதனிக்கு ஒரு ஞாபகப் பொருள்."

"கவரிங்கிலயோ?"

"சில பேருக்கு அப்பிடி, ரீச்சர்."

"ஒளிவிழா இண்டைக்குத்தான். ரெண்டு மணிக்கு."

நேசனின் கார் வந்து எங்களை ஏற்றிக்கொண்டது. ஆரணியும் வந்தாள். வரவேண்டிய காரணம் எதுவும் இல்லை. இப்படியொரு ஞாயிற்றுக்கிழமையைத் தவறவிட அவள் என்ன முட்டாளா?

வெளியே பனி பெய்யவில்லை, பறந்தது. நகரமே யாரோ உதறிய வெள்ளை விரிப்புக்குள் அகப்பட்டுக் கிடந்தது. காருக்குள்ளோ நல்ல வெயில்காலம்.

"எனக்கு ஏன் சொல்லேல்லை நீர்? நான் என்ன வழியால போறவனோ?"

"நீங்கள் லொக்கர் எடுத்ததை எனக்குச் சொன்னனீங்களோ?"

"அது சர்ப்ரைஸ்!"

"இதுவும் சர்ப்ரைஸ்தான், அனுபவியுங்கோ!"

"வாளிக்குள்ள ஆரும் தாலிக்கொடி வைப்பினமோ? ஐஸ்கிறீம் வாளிக்குள்ள!"

"வீட்டுக்காரியைக் கேளாமல் ஆரும் வாளியைத் தூக்கிக் குடுப்பினமோ?"

சிவப்பு விளக்கு. நேசன் ஸ்டீரிங்கில் இரண்டு கையையும் வைத்தான். பிறகு, யாருக்கென்று இல்லாமல் சொன்னான்.

"அது நான் கிரேக்கன்ர ரெஸ்ரோறன்ரில கோப்பை கழுவி வாங்கினது. வந்த முதல் விண்டரில. கை வெடிச்சு ரத்தம் வரும்... சவுக்காரம் பட்டா எரியும். நீர் ஊரில இருந்து வரமுன்னமே கொடி இஞ்சை வந்திட்டுது. ராவில எடுத்துப் பார்த்திட்டு வைப்பன். உம்மட படத்துக்குப் பக்கத்தில."

வதனி யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பனித்துடைப்பான் மட்டும் 'இல்லை, இல்லை' என்று தலையாட்டிக்கொண்டிருந்தது. நானும் ஆரணியும் பின் இருக்கையில், பிறர் வீட்டுக் கதவு தற்செயலாகத் திறந்துவிட்டதைப் பார்த்தவர்கள் போல, காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பேச்சை மாற்றத்தான் நான் கேட்டேன். "ஆரணி, உந்த டூப் எண்ட சொல் எங்கையிருந்து வந்தது? போனில பாரன்."

அவள் பார்த்தாள். கண் விரிந்தது.

"அம்மா, ஃப்ரெஞ்சில இருந்து! 'யுப்' எண்டு ஒரு பறவை இருக்காம். தலையில விசிறி மாதிரிக் கொண்டை. பழைய காலத்துக் கள்ளர், தங்களிட்ட ஏமாறுற ஆட்களை அந்தப் பறவை எண்டு கூப்பிட்டவையாம். அதுக்கு முன்னால ஒரு சின்ன எழுத்து ஒட்டி 'ட்யுப்'. இங்கிலீஷ்காரர் எடுத்து டூப் ஆக்கிட்டினம். அப்பிடித்தான் இருக்கலாம் எண்டு போட்டிருக்கு."

"அது ஏன் அந்தப் பறவை?"

"முட்டாள் மாதிரித் தெரியுமாம்."

"கொண்டலாத்தி!" என்றான் நேசன். "தோட்டத்தில கண்டிருக்கிறன். கொண்டையை விரிச்சுக்கொண்டு பெரிய ராசா மாதிரி நடக்கும். தன்ர பாட்டில மண்ணைக் கொத்திக்கொண்டு."

"இப்பவும் பார்க்கலாம்," என்றாள் வதனி, யன்னலைப் பார்த்தபடியே. "முன்னுக்கு இருக்கிற கண்ணாடியைத் திருப்புங்கோ."

"கண்ணாடியில ரெண்டு பேரும் தெரியுது, வதனி."

ஆரணி விடவில்லை. அவளுடைய பையின் டூப் வேறாம். அது 'டூப்ளிகேற்' என்பதன் வெட்டுத் துண்டு. பழையது ஏமாந்த ஆளுக்குப் பெயர். புதியது ஏமாற்றாத போலிக்குப் பெயர். ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த இரண்டு வேறு தாய்ப் பிள்ளைகள். இன்னொன்றும் சொன்னாள். அதே பறவையின் கொண்டையிலிருந்துதான் ஃப்ரெஞ்சில் 'யுப்பே' என்று மேட்டுக்குடிக்காரரைச் சொல்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் அவளும் சிநேகிதிகளும் சொல்லிச் சிரிக்கும் சொல்லாம்.

நான் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒரே கொண்டை. ஒருபக்கம் பெரிய மனிதர், மறுபக்கம் ஏமாளி. எனக்கு எல்லாம் தெரியும் என்று தலையில் ஒரு கொண்டை விரிந்தவுடனேயே கள்ளருக்கு அது தூரத்திலிருந்து தெரிந்துவிடுகிறது போலும். ஆங்கிலமும் லேசுப்பட்ட மொழியில்லை, பாருங்கள். ஏமாற்றியவன் தப்பி ஓடிவிட, பெயரை ஏமாந்தவன் தலையில் அல்லவா கட்டியிருக்கிறது!

மொன்ட்ரியால்-நோர். தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம். படியிறங்கும்போதே பொரித்த ரோல்ஸ் வாசனையும் குழந்தைகளின் இரைச்சலும். உள்ளே இருக்க இடமில்லை. மேடையில் நாடகம் பாதியில்.

ஏரோது அரசன் சிம்மாசனத்தில் இருந்தான்.

பச்சைத் திரைச்சீலை அங்கி. மட்டைக் கிரீடம். மையால் கீறிய தாடி. அந்தக் கம்பீரமான தொந்தியின் மேல், மேடை விளக்கில் கொழுந்து விட்டெரிந்தபடி...

"என்ர முருகா," என்றாள் வதனி.

அவள் தாலிக்கொடி. தாலி வெளியே தெரியாதபடிக்கு அதன்மேல் ஒரு மினுங்கல் தாள் நட்சத்திரத்தைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"பசை!" என்றாள். "அக்கா, பசை போட்டிருக்கினம்!"

ஏரோதுவாக நடித்தவர் பொஸ்கோ அண்ணை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். திரும்பிப் பார்க்காமலே ஒரு பஸ்ஸை அடக்கிப் பழகிய குரல். திரைப்பக்கம் ஓடினேன். அங்கே நின்றவர் கையை விரித்துத் தடுத்தார். "நாடகம் முடியட்டும் அக்கா. இப்ப ராசா கோவத்தில நிக்கிறார், கிட்டப் போகேலாது."

என்ன செய்யலாம்? 'அது தங்கம்!' என்று ஒரு சத்தம் போட்டால் போதும், நாடகம் நின்றுவிடும். ஆனால் அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும், அவர்களுடைய மைத்துனர்மாருக்கும், மைத்துனர்மாரின் வாட்ஸ்அப்புக்கும் வதனியின் தாலிக்கொடி அசல் என்று தெரிந்துவிடும். அவள் வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டு இருந்தாள். தங்கத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதைத் தங்கம் என்று சொல்லக் கூடாது.

மேடையில் ஒரு போர்வீரன் ஓடி வந்து மண்டியிட்டான். "அரசே! குழந்தை இயேசுவைக் காணக் கிழக்கிலிருந்து பொன்னோடு வந்த மூன்று ஞானிகளும் உம்மிடம் திரும்பாமல் வேறு வழியாகத் தம் நாட்டுக்குப் போய்விட்டனர்!"

ஏரோது எழுந்தான். மெதுவாக. கிரீடம் ஆடியது.

"என்ன? என்னையா ஏமாற்றினார்கள்? இந்த ஏரோதையா?"

ஆரணி என் காதில் கிசுகிசுத்தாள். "அம்மா, இவரும் டூப்!"

"வீரனே! பெத்லகேமுக்குப் புறப்படு! அந்தக் குழந்தையை முடித்து வா! இதோ உனக்குப் பரிசு!"

என்று கர்ஜித்தபடி பொஸ்கோ அண்ணை கழுத்திலிருந்து தாலிக்கொடியைக் கழற்றி, தலைக்கு மேல் ஒருமுறை சுழற்றி, வீசினார்.

அது பறந்தது. மேடை விளக்குகள் எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுக்கொண்டு, ஒரு மஞ்சள் பாம்பைப் போல உடலை நெளித்துக்கொண்டு. மண்டபத்தில் அதன் எடை தெரிந்தவர்கள் நாங்கள் நாலு பேர்தான். அது விழுந்த சத்தம் எங்கள் நாலு பேர் வயிற்றில்தான் கேட்டது.

வீரன் குனிவதற்குள் நேசன் மேடையில் நின்றான்.

எப்படி ஏறினான் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பனிச் சப்பாத்து. தடித்த கோட்டு. கழுத்தைச் சுற்றிப் போட்ட சால்வை. அப்படியே குனிந்து கொடியை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

மண்டபம் அடங்கியது. ஒரு கைக்குழந்தைகூட அழவில்லை.

ஏரோது அவனை மேலும் கீழும் பார்த்தார். வேஷத்தை விட்டுக்கொடுக்காத கலைஞன் அவர்.

"யாரடா நீ? என் அவைக்குள் அழையாமல் வந்தவன்?"

நேசன் படித்தது ஊரில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில். ஆண்டுதோறும் பாலன் குடில் நாடகத்தில் செம்மறியாடாக நடித்தவன். வசனம் பேசும் பாத்திரம் அவனுக்கு வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. தொண்டையைச் செருமினான்.

"நான்... நாலாவது ஞானி."

எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது.

"நாலாவதா? மற்ற மூவரும் எங்கே?"

"பார்க்கிங் இல்லை, அரசே. சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள்."

மண்டபம் உடைந்தது. பின்வரிசையில் ஒருவர் கதிரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பொஸ்கோ அண்ணையின் மை தாடிகூடத் துடித்தது. ஆனாலும் வாளை உருவினார். "என் பொன்னை எங்கே கொண்டு போகிறாய்?"

அந்தச் செம்மறியாட்டுக்குள் இத்தனை வருடம் தூங்கிய நடிகன் எழுந்தான்.

"குழந்தைக்கு, அரசே!"

என்று சொல்லிவிட்டு, மேடையிலிருந்து குதித்து, நடுவழியாக நடந்து வந்து எங்கள் வரிசையில் உட்கார்ந்தான். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பொன் கொண்டுவந்த ஞானிகளைப் பற்றி நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். பொன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஞானியை உலகம் அன்றைக்குத்தான் கண்டது.

நாடகம் முடிந்ததும் பொஸ்கோ அண்ணை கிரீடத்தோடேயே வந்துவிட்டார்.

"தம்பி, நல்லாய்த்தான் செய்தனீர், இல்லையெண்டேல்லை. ஆனா உமக்கென்ன விசரோ? ஒரு கவரிங் சங்கிலிக்கு மேடையில பாயிறதே?"

நேசன் வாயைத் திறக்குமுன் வதனி முந்திக்கொண்டாள்.

"அதில நிக்கல் இருக்கு, அண்ணை. மட்டமான சாமான். பட்டா சில பேருக்குத் தோல் கடிக்கும், தடிக்கும். உங்களுக்கு ஏதும் வந்திடுமெண்டு பயந்துதான் அவர் ஓடினவர்."

பொஸ்கோ அண்ணையின் கை தானாகவே கழுத்துக்குப் போனது.

"அதுதானே பார்த்தன்!" சொறிந்தார். "அப்ப தொடக்கம் ஒரு கடி!" இன்னும் சொறிந்தார். நம்ப மாட்டீர்கள், எங்கள் கண் முன்னாலேயே சிவந்தது. "எடி மேரி, அந்தக் கிறீமைக் கொண்டு வா, எனக்கு நிக்கல்!"

சுத்தமான இருபத்திரண்டு கரட் தங்கத்துக்கு அந்தக் கழுத்து அப்படித் தடித்ததை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். ஏமாற்றுகிறவன் செய்வது பாதி வேலைதான். மீதியை நாம் சொறிந்து முடித்துக் கொடுக்கிறோம்.

பங்குத் தந்தை வந்து நேசனின் கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருடமும் நாலாவது ஞானி கட்டாயம் வரவேண்டுமாம்.

வெளியே பனி நின்றிருந்தது. மின்விளக்குகளின் கீழே வாகனத் தரிப்பிடம் நீலமாகக் கிடந்தது. வதனி காரின் ஓரம் நின்று, தாலியில் ஒட்டியிருந்த நட்சத்திரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"கள்ளனைப் பேய்க்காட்ட வெளிக்கிட்டு," என்றாள் தலையை நிமிர்த்தாமலே, "கட்டினவரைப் பேய்க்காட்டிப் போட்டன், அக்கா. கள்ளன் ஒருத்தன் வரவேயில்லை. வீட்டுக்குள்ள நாங்கள் ரெண்டு பேரும்தான் மாறி மாறி..."

நேசன் கொடியை அவள் கையிலிருந்து வாங்கினான். கையுறையைக் கழற்றிப் பல்லால் கடித்துக்கொண்டான். அவள் சால்வையை விலக்கிக் கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். குளிரில் கொடியின் திருகுச் சுரை பூட்டப்படாமல் வழுக்கியது. இரண்டாம் தடவையும் வழுக்கியது.

அந்த நேரம் பார்த்து, தெருவில் பனி அள்ளும் வண்டிகள் வந்துவிட்டன. தரித்து நிற்கும் கார்களை எடுக்கச் சொல்லி ஊதுவார்களே சங்கு, அது தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஓலமிட்டது.

"கெதியாய்ப் பூட்டுங்கோ," என்றாள் வதனி. "கெட்டிமேளம் அடிச்சிட்டாங்கள்."

பூட்டினான்.

நான் ஆரணியைத் திரும்பிப் பார்த்தேன். பிள்ளை தேன் நிறப் பையை முகத்துக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றாள். பனிக்காற்று கண்ணைக் கரிக்கிறதாம்.

அதற்குப் பிறகு வதனி அதைக் கழற்றவில்லை. வாளியும் இல்லை, வெல்வெற்றும் இல்லை, வங்கியும் இல்லை. சந்தைக்கும் அதுதான், சலவைக்கும் அதுதான். எனக்குத்தான் பயம். போன சனிக்கிழமை எங்கள் தெருவில் மரக்கறிக் கடையில், முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு பெண்மணியின் கண் வதனியின் கழுத்தில் போய் நின்றுவிட்டது. வதனி அசரவில்லை.

"கவரிங், அக்கா," என்றாள், சிரித்துக்கொண்டே. "டூப்."

அந்தப் பெண்மணி உதட்டைப் பிதுக்கினார்.

"அது, தங்கச்சி, பார்த்த உடனேயே தெரியுது."